அளக்காமல் எழுதிய இருநூற்றைம்பது

இது நடந்தது. நம்ப மாட்டேன் என்பவர்களோடு நான் சண்டைக்கு வரப் போவதில்லை. பேயைப் பார்த்தேன் என்று சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. அதற்கு அரை மணி நேரம் முன்பு நான் செய்ததைச் சொல்லத்தான் நாக்குக் கூசுகிறது.

அப்போது நான் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். பெண்கள் வார்டு, பகல் டியூட்டி. ஏழாம் படுக்கையில் இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆன ஒரு டீச்சரம்மா. அன்று காலை ஏழு மணிக்குத்தான் அவருடைய சிறுநீர் டியூபை எடுத்திருந்தோம். எடுத்து ஆறேழு மணி நேரத்துக்குள் தானாகப் போக வேண்டும். போனதை அளந்து சார்ட்டில் எழுத வேண்டும். போகவில்லையென்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இது முதல் வருஷப் பாடம்.

மத்தியானம் 1.35. என் செல்போன் அதிர்ந்தது. எனக்கு நிச்சயம் பண்ணியிருந்தவர். அடுத்த மாதம் கல்யாணம்.

அதே நேரம் டீச்சரம்மா கையைத் தூக்கினார்.

“சிஸ்டர்... பெட்பேன் வைக்கிறீங்களா? முட்டிக்கிட்டு நிக்குது, வரமாட்டேங்குது. திரையைப் போட்டுட்டு அந்தக் குழாயைக் கொஞ்சம் திறந்து விடுங்களேன். தண்ணி சத்தம் கேட்டா வந்துடும்.”

போனைக் கையால் பொத்திக்கொண்டேன்.

“திரை, தண்ணி சத்தம்... பாட்டுக் கச்சேரி ஒண்ணுதான் பாக்கி! டயபர் கட்டியிருக்குல்ல டீச்சர்? அதுலயே போங்க.”

எதிர்ப் படுக்கையில் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு வகுப்பையே கண்ணசைவில் அடக்கியிருக்கக்கூடிய அந்த அம்மா, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். போனில் அவர், “என்ன சிரிப்பு?” என்றார். “ஒண்ணுமில்ல” என்றேன். அவர்தான் இன்று என் கணவர். அந்த ஒண்ணுமில்லை என்னவென்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

1.50. பெரிய சிஸ்டர் சார்ட் பார்க்க வரும் நேரம். ஏழாம் படுக்கையின் கட்டம் காலியாக இருந்தது. ‘1.45 - 250 மில்லி’ என்று எழுதினேன். டயபரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

2.10. வார்டே உண்ட மயக்கத்தில் கிடந்தது. மின்விசிறிச் சத்தம் மட்டும்.

“சிஸ்டர்...”

ஆறாம் படுக்கை. காலையில் காலியாக இருந்தது. இப்போது திரை மூடியிருந்தது. புதிதாக யாரையோ சேர்த்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

“சிஸ்டர்... பெட்பேன்...”

கூனிக் குறுகிய குரல். மனசு உறுத்தியதோ என்னவோ, உடனே எழுந்தேன். பெட்பேனை வெந்நீரில் அலசி, துடைத்து, எடுத்துப் போனேன்.

திரை இடுக்கிலிருந்து ஒரு கை நீண்டது. “நானே வச்சுக்கறேன்.”

விரல் பட்டது. சில்லென்றிருந்தது.

2.14. சத்தம் தொடங்கியது.

சர்ர்ர்ர்...

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். நிற்கவில்லை... ஒரு மனுஷ உடம்புக்குள் அவ்வளவு இருக்காது.

2.18. நின்றது.

பெட்பேன் வெளியே வந்தது. வாங்கிப் பார்த்தேன்.

ஒரு சொட்டு இல்லை.

“எழுதிக்கோங்க சிஸ்டர்... இருநூத்தம்பது.”

திரையை இழுத்தேன்.

வெறும் மெத்தை. விரிப்புகூட இல்லை.

பின்னால் ஒரு முனகல்.

டீச்சரம்மா.

போர்வையை விலக்கினேன். அடிவயிறு குடம் மாதிரி வீங்கியிருந்தது. டயபர் காய்ந்து கிடந்தது.

பெரிய சிஸ்டரிடம் ஓடினேன். “அக்கா, நான் பொய் எழுதிட்டேன்க்கா. டீச்சர் போகவே இல்ல.”

அவர் திட்டவில்லை. டாக்டரைக் கூப்பிட்டார். மறுபடி டியூப் போட்டோம். ஆயிரத்து நூறு மில்லி. டீச்சரம்மா பெருமூச்சு விட்டு, “இப்பதான் உயிர் வந்துச்சு” என்றார். பெரிய சிஸ்டரைப் பார்த்துத்தான் சொன்னார். என் பக்கம் திரும்பவே இல்லை.

5.30. கை கழுவும் இடத்தில் வைத்து ஆறாம் படுக்கை விஷயத்தைப் பெரிய சிஸ்டரிடம் சொன்னேன். பைத்தியமா என்று கேட்பார் என நினைத்தேன். கேட்கவில்லை.

“பதினோரு வருஷம் முன்னாடி அந்தக் கட்டில்ல ஒருத்தி இருந்தா. பிள்ளை பெத்தவ. ரொம்பக் கூச்சம். ஒரு தடவை கேட்டுட்டு, அதட்டினா அடங்கிடுவா. உள்ளயே தேங்கி, கிருமி ரத்தத்துல ஏறி, மூணாம் நாள் போயிட்டா. சார்ட்ல மட்டும் ஒரு கட்டம் பாக்கியில்ல.”

“யாருக்கா எழுதினது?”

அவர் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“உன்னை எத்தனை தடவை கூப்பிட்டா?”

“ரெண்டு.”

“என்னை தினமும் கூப்பிடறா,” என்றார். “நான் ஒரு நாளும் எழுந்து போனதில்ல.”