பொறுமையக்காவின் கடைவாய்ப் பல்

வீட்டுப் பயன்பாட்டுப் பொருள்கள் விற்கும் அந்த மூன்று மாடிக் கடையில் விற்பனைக்குரிய இடமெல்லாம் கண்ணாடியும் வெளிச்சமுமாக இருக்கும். புகார் மேசையை மட்டும் பின்பக்கத்தில், கழிப்பறைக்குப் போகும் வழியில் போட்டிருந்தார்கள். வாங்க வருபவருக்குச் சாய்வு நாற்காலியும் குளிர்ந்த நீரும் உண்டு. வாங்கி ஏமாந்தவருக்கு ஒரு முக்காலிகூடக் கிடையாது. அந்த மேசைக்குப் பின்னால் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருந்த பெண்மணியைக் கடையில் எல்லாரும் பொறுமையக்கா என்று அழைத்தார்கள். பெயர் சூட்டியவர் மேலாளர். சுமை ஏற்றுவதற்கு முன் மாட்டைத் தட்டிக்கொடுப்பதும் ஒருவகைப் பாராட்டுத்தான்.

தவறு செய்தவர்கள் மேல்மாடியில் இருந்தார்கள். அவர்களுக்குரிய வசவுகளைப் பெற்றுக்கொள்வது அக்காவின் வேலை. வருபவர் கத்தி முடித்ததும் அக்கா சொல்ல வேண்டியதையும் மேலாளரே சொல்லிக்கொடுத்திருந்தார்: “தவிர்க்க இயலாத காரணங்களால் தாமதம் ஏற்பட்டுள்ளது.” இந்த வாக்கியத்தின் எழுவாய் ‘தாமதம்’. தாமதப்படுத்தியவருக்கு இதில் இடமே இல்லை. மழை பெய்வதைப் போலத் தாமதமும் தானாகவே ஏற்பட்டுவிடும் என்று நம்பவைப்பதற்காகக் கட்டப்பட்ட வாக்கியம் அது. ஒரு மொழியைக் கொண்டு செய்யக்கூடிய கயமைகளில் இதைவிடத் தூய்மையானது வேறில்லை.

அக்கா அதை நாள்முழுதும் சொன்னார். சொல்லி முடித்த ஒவ்வொரு முறையும் வாயை மூடிக்கொண்டு பல்லைக் கடித்தார். “நம்ம அக்கா இருக்காங்களே, என்ன திட்டினாலும் பல்லைக் கடிச்சுக்கிட்டு சமாளிச்சிருவாங்க” என்று மேலாளர் பெருமையடித்துக்கொள்வார். அவர் வாழ்நாளில் பேசிய முழு உண்மை அது ஒன்றாகத்தான் இருக்கும்.

பகலில் கடித்தது போதாதென்று இரவிலும் கடித்தார். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த அவர் கணவர், “ராத்திரியெல்லாம் எலி அலமாரியைச் சுரண்டுற மாதிரி இருக்கும்மா உன் சத்தம்” என்று சொல்லிச் சிரித்தார். நட்டு கழன்ற ஓசையைக் கேட்டே வண்டியின் நோயைச் சொல்லிவிடக்கூடிய மனிதர், மனைவி ஏன் பல்லைக் கடிக்கிறாள் என்று கேட்கவில்லை. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படுத்தார்.

ஒருநாள் காலையில் பாலில் தோய்த்த ரொட்டியைத் தின்னும்போது கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்று பாதியாக உடைந்து நாக்கில் விழுந்தது. ரொட்டிக்கு உடைகிற பல்லா என்று வீட்டில் வேடிக்கை பேசினார்கள். அவசரத்துக்குப் பக்கத்துத் தெரு மருத்துவமனையில் ஓர் உறை போட்டுவிட்டார்கள். உள்ளே உலோகம், வெளியே வெள்ளைப் பூச்சு. அக்காவின் உடம்புக்கு மலிவான தோடே ஆகாது. காது மடல் சீழ்வைத்துவிடும். அதை அவர் சொல்லியும் அங்கே யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சில மாதங்களில் ஈறு வீங்கியது. பல்லும் ஈறும் சேரும் இடத்தில் ஒரு கருங்கோடு விழுந்தது.

கடைசியில் ஒரு பெண் பல் மருத்துவரிடம் போனார். நறுக்கென்று பேசுகிற, கைசுத்தமான மருத்துவர். பழைய உறையை வெட்டி எடுத்துவிட்டு, “இனிமே உங்க வாய்க்குள்ள துளி உலோகம் கூடாது. சிர்கோனியான்னு ஒண்ணு இருக்கு, பீங்கானுக்கு அண்ணன். அதுல கேப் போட்டுடலாம். ஈறு தானா ஆறிடும்” என்றார். எஞ்சியிருந்த பல்லைச் சுற்றிலும் இழைத்துக் குச்சியாக்கினார். கருகல் வாடை மூக்கில் ஏறியது. பேனா போன்ற ஒரு கருவியை வாய்க்குள் ஓட்டிப் பல்லின் உருவத்தைத் திரையில் வரைந்துகொண்டார். மாதிரிப் பற்கள் கோத்த பட்டையை உதட்டருகே பிடித்து நிறம் பார்த்தார்.

“நல்ல வெள்ளையாவே போடுங்க டாக்டர்.”

“சுண்ணாம்படிச்ச மாதிரி ஒண்ணே ஒண்ணு தனியாத் தெரியும், பரவாயில்லையா? உங்க பல்லு நிறத்துலயே போடுறேன். எது கேப்னு உங்களுக்கே மறந்துடணும்.”

அப்படியே போட்டார். ஈறு ஆறியது, கருங்கோடும் மறைந்தது. ஆனால் அக்காவின் வேலை மாறவில்லை, தாடையும் மாறவில்லை.

அந்தச் சமயத்தில்தான் துணி துவைக்கும் இயந்திரம் ஒன்று புதிய வகையில் வந்திறங்கியது. அதன் உள்ளுருளையின் விளிம்பு சரியாக இழைக்கப்படாமல் பிசிறடித்திருந்தது. போடுகிற துணியெல்லாம் கிழிந்தது. வாரந்தோறும் மக்கள் கந்தலைக் கொண்டுவந்து அக்காவின் மேசையில் கொட்டினார்கள். அக்கா மேல்மாடிக்குப் போய் மேலாளரிடம் நேரிலேயே சொன்னார். “தெரியும்க்கா. கம்பெனி திருப்பி எடுக்க மாட்டேங்குறான். இருக்கிறதை வித்து முடிச்சுடலாம். அதுவரைக்கும் கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்குங்க” என்றார் அவர், கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

அக்கா கடித்தார். சிர்கோனியா அசையவில்லை. அதற்கு நேர்மேலே இருந்த சொந்தப் பல்தான் வெடித்தது.

“கேப் ஜெயிச்சிடுச்சு, உங்க பல்லு தோத்துடுச்சு” என்றார் மருத்துவர். கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு முகமூடியை இறக்கினார். அவருக்கே கோபம் வந்துவிட்டிருந்தது. “சும்மா கேக்கல. யாரைக் கடிக்கிறதா நெனச்சுக்கிட்டு இதைப் போட்டு இந்தக் கடி கடிக்கிறீங்க?”

அக்காவின் கண்களில் நீர் கோத்தது.

“இதோ பாருங்க. விரிசல் இப்போ ஈறு வரைக்கும் வந்து நிக்குது. இதுக்கு மேல ஏறி வேருக்குப் போச்சுன்னா கேப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல; புடுங்கிப் போட வேண்டியதுதான். இப்போதைக்குப் பிளாஸ்டிக்ல ஒரு தற்காலிகக் கேப் ஒட்டுறேன். ரெண்டு வாரம். அது உடையாம இருந்தா உலோகமில்லாத கேப் போட்டுக் காப்பாத்திடலாம். ராத்திரிக்குப் பல்லு மேல மாட்டிக்க ஒரு காப்பு தரேன். பகலுக்கு என்கிட்ட மருந்து இல்ல. உதடு சேர்ந்திருக்கலாம், பல்லு சேரக்கூடாது. பல்லைக் கடிக்காதீங்க, அவ்வளவுதான்.”

அவ்வளவுதானாம்! பிறந்தது முதல் கற்ற ஒரே கலையை ஒரு பெண் இரண்டே வாரத்தில் மறக்க வேண்டும்.

முதல் நாள்களில் அக்கா பற்களுக்கிடையே நாக்கு நுனியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த வாக்கியத்தைச் சொன்னதும் தாடை தன்பாட்டுக்கு இறுகும். தற்காலிக உறை கிறீச்சிடும். நெற்றிப்பொட்டில் வலி தெறிக்கும். வாக்கியத்தைச் சொன்னால் பல் போகும். வேறெதைச் சொல்வதென்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

அப்போது வந்தார் ஒரு செவிலியர். இயந்திரத்தை மாற்றித் தரக் கேட்டு மூன்றாவது முறையாக வருகிறார். வேலை முடிந்த களைப்போடு, வெள்ளைச் சீருடை ஒன்றை உதறி மேசையில் விரித்தார். முதுகுப்புறம் நெடுகக் கிழிந்திருந்தது.

“இதைப் போட்டுக்கிட்டு நான் வார்டுக்குப் போனா, நோயாளி எழுந்து எனக்கு இடம் விடுவான், பாவம்னு! போன தடவையும் தாமதம்னீங்க, அதுக்கு முந்தின தடவையும் தாமதம்னீங்க. என்னக்கா, தாமதத்துக்குக் கொழந்தை பொறந்து பள்ளிக்கூடம் போயிடும் போலிருக்கே?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கழிப்பறைக்குப் போவதற்காக அந்தப் பக்கம் வந்த மேலாளர் சிரிப்பொலி கேட்டு நின்றார். குரலில் தேன் தடவிக்கொண்டு, “மேடம், தவிர்க்க இயலாத காரணங்களால…” என்று அவரே தொடங்கினார்.

அக்காவின் தாடை இறுகத் தொடங்கியது. வலி காதுவரை பாய்ந்தது. பல்லைப் பிரித்தார். பிரித்த வாய் அப்படியே திறந்துகொண்டது.

“தாமதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்த மெஷின் எல்லாமே துணியைக் கிழிக்குதும்மா. உள்ளே விளிம்பு பிசிறடிச்சிருக்கு. இவருக்குத் தெரியும். நான் மேல போய்ச் சொன்னேன். தெரிஞ்சேதான் விக்கிறாரு.”

“அக்கா!” மேலாளரின் குரலில் இருந்த தேன் வழிந்து போயிற்று. “என்ன பேசுறீங்க? கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கிட்டு…”

“கடிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க சார்.”

செவிலியர் முதலில் விழித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. இத்தனை ஆண்டுகளாக மென்று விழுங்கியதெல்லாம் வரிசையாக வந்தது: பொய் சொல்ல வைத்தது, வசவு வாங்க வைத்தது, அதற்குப் பொறுமை என்று பெயரும் வைத்தது. கூட்டம் கேட்டுக்கொண்டிருந்ததால் மேலாளர் வேறு வகை இயந்திரம் ஒன்றைச் செவிலியருக்கு அன்றே அனுப்பினார். அறத்துக்காக அல்ல, ஆள்கள் பார்த்ததற்காக. மற்றவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் அக்காவைக் கீழ்த்தளக் கிடங்குக்கு மாற்றிவிட்டார். “உங்களுக்கு ஓய்வு வேணும்க்கா” என்றாராம். கெடுதல் செய்யும்போதுகூட நல்ல வார்த்தையில் செய்கிறவர்களை என்ன சொல்லித் திட்டுவது என்றே தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து மருத்துவர் தற்காலிக உறையைக் கழற்றிப் பார்த்தார். அது உடையவில்லை. விரிசலும் நின்ற இடத்திலேயே நின்றிருந்தது. “வேர் தப்பிச்சுது” என்று சொல்லிப் புதிய சிர்கோனியா உறையை ஒட்டினார். கடி எங்கே படுகிறதென்று பார்க்க நீலத்தாளைக் கடிக்கச் சொல்லி, உயர்ந்திருந்த இடத்தைத் துளித்துளியாக இழைத்துச் சமனாக்கினார்.

அன்று பிற்பகலே அக்கா கிடங்குக்குத் திரும்பினார். ஜன்னல் இல்லாத அந்த இடத்தில் கூரைவரை பெட்டிகள் அடுக்கியிருந்தன. பாதிக்கு மேல் அதே துவைக்கும் இயந்திரங்கள். அவரை எங்கே கொண்டுவந்து உட்காரவைத்தோம் என்று மேலாளர் யோசிக்கவே இல்லை. சுமைதூக்குபவர்கள் நால்வர் வந்து, வண்டியில் ஏற்றுவதற்காக ஒரு பெட்டியைச் சாய்த்தார்கள்.

“அதைத் தொடாதீங்கப்பா.”

“மேல சொல்லியிருக்காங்கக்கா. சாயங்காலத்துக்குள்ள வாங்கினவங்க வீட்டுக்கு அனுப்பணுமாம்.”

“யாரு வீட்டுத் துணியைக் கிழிக்க? இறக்கி வைங்க. நான்தான் நிறுத்தினேன்னு சொல்லுங்க. என்னன்னு கேக்கணும்னா அவரே இறங்கி வரட்டும்.”

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தார். இன்னொருவர் மேலே ஓடினார். சற்று நேரத்தில் படிக்கட்டில் மேலாளரின் காலணி ஓசை தடதடவென்று இறங்கி வந்தது. அக்கா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.