தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையும் எங்கள் அக்காவும்

வெள்ளிக்கிழமை காலை மணி பத்து இருபது. பெயர் மாற்றும் விண்ணப்பப் பாரத்தை எடுத்துக்கொண்டு என் மகள் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டிலிருந்து பதிவிலாகாவுக்குக் கிளம்பினாள். அவளை அனுப்ப மனமில்லாமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பதினொரு மணிக்குக் கிள்ளானிலிருந்து தொலைபேசி வந்தது. அக்கா குளியலறை வாசலில் விழுந்துவிட்டார். பத்தரை மணி இருக்கும் என்றார் அடுத்த வீட்டு ஆன்டி.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு என் மகளை ‘கவிதா’ என்றுதான் தெரியும். அது அவளே வைத்துக்கொண்ட பெயர். அக்கா வைத்தது வேறு.

அக்கா டெங்கில் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அம்மா இறந்தபோது அவருக்குப் பதினாறு வயது, எனக்கு ஏழு. பால்மரம் வெட்டிப் பால் எடுத்து என்னைப் படிக்க வைத்தார். மணமாகிக் கிள்ளான் வந்த ஆறே ஆண்டுகளில் அத்தானை இழந்தார். பிள்ளை இல்லை. பிறகு தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமைத்தே காலத்தைத் தள்ளினார்.

என் முதல் இரண்டு குழந்தைகளும் பெயர் வைக்கும் முன்பே போய்விட்டன. மூன்றாவது பிறந்த ஐந்தாம் நாள், கோழித் தீவனக் கடையில் வாங்கிய தவிட்டோடு அக்கா வந்தார். குழந்தையை முறத்தில் கிடத்தச் சொன்னார். தவிட்டை என் மடியில் கொட்டிவிட்டுக் குழந்தையை எடுத்துக்கொண்டார்.

“இது இனிமே என் புள்ள. நீ வளத்துக் குடு. பேரு தவிட்டம்மாள்.”

“இந்தக் காலத்துல யாருக்கா இப்படிப் பேரு வைக்கிறா?” என்று அழுதேன்.

“நல்ல பேரா வச்சா எமன் சுலபமா வாசிச்சிருவான். இது அவன் வாய்ல நுழையாது லா.”

எமன் மட்டுமல்ல, பிறப்புப் பத்திரம் எழுதியவரும் மூன்று முறை கேட்டார். பள்ளியில் ஆசிரியைகள் ‘தாவி’ என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். பிள்ளைகள் கோழித் தீவனம் என்று கேலி செய்தார்கள். “கிளாஸ்ல ஏற்கெனவே நாலு கவிதா இருக்காங்கம்மா. அஞ்சாவது கவிதாவா இருந்துட்டுப் போறேன்” என்பாள் மகள். நான் சம்மதிக்கவில்லை. பெயரை விட்டால் உயிர் போய்விடும் என்ற பயம் எனக்கு. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் அந்தப் பெயரைச் சொல்லியே நெற்றியைத் தடவுவேன்.

அவளுக்கு இருபது வயதானதும் அக்காதான் என்னை அதட்டினார். “மாத்திக்கட்டும், விடு. வாங்குனவ நானு. கேக்குறவன் என்கிட்ட வந்து கேக்கட்டும்.”

கிள்ளானுக்குப் போன டாக்ஸி முழுக்க அந்தச் சொற்கள்தான் என் காதில். எமன் அவரிடம் வந்து கேட்டே விட்டானே என்று நினைத்துக்கொண்டே போனேன்.

நான்காம் நாள் அக்கா எங்களைவிட்டுப் பிரிந்தார். கதவை உடைத்துத் தூக்கிய ஆன்டிக்கும், லோரியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோன அவர் மகனுக்கும், இறுதிச் சடங்கில் சோறு வடித்துப் பந்தி பரிமாறிய கேன்டீன் தோழிகளுக்கும், காஜாங்கிலிருந்து வந்து மூன்று நாள் தங்கிய உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அக்கா கண் திறக்கவில்லை. மகளைப் பற்றியும் தகவல் இல்லை. வீட்டுக் கதவில் அவளுக்குச் சீட்டு எழுதி ஒட்டிவிட்டு வந்திருந்தேன். மணி ஒன்றானது, இரண்டானது. ஒருத்தியைக் கேட்டு வந்தவன் அடுத்தவளையும் எடுத்துவிட்டானோ என்று வார்டு வாசலையே பார்த்துக் கிடந்தேன்.

மூன்றரை மணிக்கு வந்தாள். வரிசை நகர்வதற்குள் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காகக் கவுன்டரை அடைத்துவிட்டார்களாம். வீட்டுக்குத் திரும்பிச் சீட்டைப் பார்த்திருக்கிறாள். கொடுக்காத பாரம் கையிலேயே கசங்கியிருந்தது.

தமிழ் நர்ஸ் ஒருவர் மறித்தார். “சொந்தக்காரங்க மட்டும்தான்மா. பேரு என்ன, என்ன உறவு?”

இருபது ஆண்டுகளில் அவள் வாயால் அந்தப் பெயரை நான் முழுதாகக் கேட்டதில்லை.

“தவிட்டம்மாள்” என்றாள். “என்னைத் தவிடு குடுத்து வாங்குன அம்மா அவங்க. உள்ள விடுங்கக்கா.”