புது அட்டை வராத வருஷம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் மற்ற வீடுகளில் கேரம் போர்டு, சீட்டுக்கட்டு. எங்கள் வீட்டில் மாஜாங். மேனாம்பேட்டில் இன்னொரு வீட்டில் அதை ஆடியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பாவின் வேலைக்காக அமெரிக்காவில் இருந்தபோது அக்கம்பக்கத்துப் பெண்களோடு சேர்ந்து அம்மா கற்றுக்கொண்ட ஆட்டம் அது. பனிக்காலம் வந்தால் எனக்கு மூச்சு இழுக்கும், அதனால்தான் ஊருக்கே வந்துவிட்டோம் என்று வீட்டில் சொல்வார்கள். எனக்குப் பனியும் ஞாபகமில்லை, இழுப்பும் ஞாபகமில்லை.

ஆட நாலு பேர் வேண்டும். அம்மா, அப்பா, கள்ளிக்குப்பத்திலிருந்து வரும் அத்தை. வேறு ஆள் அகப்படாததால் எட்டு வயதில் எனக்கும் ஓர் இடம் கிடைத்தது. ரம்மி மாதிரிதான், சீட்டுக்குப் பதில் காய்கள். ஆனால் நம் இஷ்டத்துக்குச் சேர்த்துவிட முடியாது. எந்தெந்தக் காய்கள் சேர்ந்தால் ஜெயம் என்று ஒரு மடிப்பு அட்டையில் அச்சடித்திருக்கும். அதில் இருந்தால்தான் செல்லும். கொடுமை என்னவென்றால், அந்த அட்டை வருஷா வருஷம் மாறிவிடும். புதுசு வந்த அன்றைக்கே பழசு குப்பை.

அம்மாவோடு அங்கே ஆடிய ஆன்ட்டி ஒருவர், தங்கள் கூட்டத்துக்கு அட்டை வாங்கும்போது அம்மாவுக்கும் ஒன்று சேர்த்து வாங்கித் தபாலில் அனுப்பிவிடுவார். ஏப்ரல் மாதக் கடைசியில் வந்து சேரும். அப்பா அதை ஓ.டி. கடைத்தெருவுக்கு எடுத்துப்போய் எங்கள் மூவருக்கும் கலர் ஜெராக்ஸ் போட்டு வருவார்.

அத்தை எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்த்தாள். வாய் சும்மா இருக்காது. எழுத்தே இல்லாத வெள்ளைக் காயைப் பார்த்ததும், "இன்னா அண்ணி இது, சோப்பு மாதிரி கீது?" என்றாள். அங்கேயும் அதைச் சோப்பு என்றுதான் சொல்வார்களாம். அம்மா அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, இங்கே வந்தபிறகு வேறெப்போதும் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும் என்பதுதான் அப்போது என் வாழ்க்கை லட்சியம். அட்டை முழுவதையும் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்தேன். செய்து முடிப்பதற்குள் வருஷம் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசிக் காயும் கைக்கு வந்தது. "மாஜாங்!" என்று வீடு அதிரக் கத்தினேன். அம்மா காய்களைப் பார்த்தாள். அதற்கு முந்தின வாரம் வந்திருந்த புது அட்டையையும் பார்த்தாள்.

"இது போன வருஷத்துது கண்ணு. செல்லாது."

"பாவம் அண்ணி, புள்ள. உட்டுடேன்" என்றாள் அத்தை. "வருசத்துக்கு ஒரு சட்டம் மாத்திகினே இருந்தா மன்சன் எப்பத்தான் கத்துக்கறது?"

"அதெப்படி? எல்லாருக்கும் ஒரே அட்டைதானே" என்றாள் அம்மா. அங்கே எப்படி ஆடினார்களோ அப்படியேதான் இங்கேயும் ஆட வேண்டும் அவளுக்கு.

நான் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். மறுநாளிலிருந்து தெருமுனைப் பிள்ளையாரிடம் தினமும் ஒரே வேண்டுதல்: இனிமேல் புது அட்டையே வரக்கூடாது.

பிள்ளையார் கேட்டுவிட்டார். அடுத்த வருஷம் அட்டை வரவில்லை.

ஏப்ரல் போயிற்று, மே போயிற்று. அம்மா தினமும் கீழே இறங்கிப்போய் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தாள். பக்கத்து ஃபிளாட் பெட்டியில் மாற்றிப் போட்டிருக்கிறார்களா என்று வாட்ச்மேனைக் கேட்டாள். அவள் வெறுங்கையோடு மாடியேறி வருவதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் குஷி தாங்காது.

"இன்னும் வர்லியா அண்ணி?" என்று அத்தை கேட்டால், "தபால்ல லேட்டாகும்" என்பாள். பிறகு அத்தையும் கேட்பதை விட்டுவிட்டாள்.

ஒருநாள் அப்பா லேப்டாப்பை விரித்து வைத்துக்கொண்டு, "இதுக்குப் போய் ஏன் அவங்க அனுப்பறவரைக்கும் காத்துக்கிட்டு இருக்கே? ரெண்டு நிமிஷ வேலை. நானே ஆர்டர் போட்டுடறேன்" என்றார்.

"வேணாம்."

"ஏன்? அதே அட்டைதானே வரப்போகுது?"

"வேணாம்னா விடுங்களேன். பழசே போதும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். "எனக்காகத்தானேம்மா வேணாங்கறே?"

அம்மா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். தலையைக் கோதிவிட்டாள். "ஆமா கண்ணு. எல்லாம் உனக்காகத்தான்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே நான் ஜெயித்தேன். அம்மா சரிபார்க்கக்கூட இல்லை, "செல்லும்" என்றாள். அதன் பிறகு அடிக்கடி ஜெயித்தேன். அந்தந்த வருஷத்தின் எண் வரும்படி காய் சேர்க்கிற ஒரு வரிசை அட்டையில் உண்டு, பூஜ்யத்துக்கு அந்தச் சோப்புக் காய். அம்மா மட்டும் எப்போதும் அதற்கே சேர்த்துக்கொண்டிருந்தாள். வருஷமோ மாறிவிட்டது, அட்டையில் இருந்ததோ பழைய எண். "போன வருசத்தையே புட்ச்சிகினு கீறியே அண்ணி" என்று அத்தை கிண்டல் செய்தாள். மழைக்காலம் வருவதற்குள் ஆட்டமே நின்றுபோனது. பெட்டி பரணுக்குப் போனது. எனக்கும் சலித்துப்போயிருந்ததால் ஏன் என்று நான் கேட்கவில்லை.

இப்போது நான் வேலைக்குப் போகிறேன். நினைத்தால் அந்த அட்டையை இன்றைக்கே வரவழைத்துவிடலாம். ஆனால் காசு கொடுத்தால் வருகிற அட்டைக்காகவா அம்மா மாடிப்படி இறங்கினாள்? என் இழுப்புக்காக அவள் விட்டுவந்த ஊரில், ஒரு வீட்டில் நாலு பெண்கள், நமக்கு எத்தனை அட்டை வேண்டும் என்று எண்ணும்போது அவளையும் சேர்த்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம் அவளை விட்டுவிட்டு எண்ணியிருக்கிறார்கள். அவளோடு சேர்ந்து வருத்தப்பட அந்த வீட்டில் ஒருவர்கூட இல்லை. நான் பிள்ளையாருக்கு நன்றி சொல்லப் போயிருந்தேன்.

"எல்லாம் உனக்காகத்தான்" என்று அவள் சொன்னபோது, அட்டையைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.