நாலு பேர் அறை

எங்கள் ஊரில் வெடிக்கு முன்பே லேபிள் பிறந்துவிடும். உள்ளே சுண்டு விரல் நீளத்துக்கு ஒரு ராக்கெட் இருக்கும். அட்டைப்பெட்டி மேல் அது நிலாவைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். உள்ளே இருப்பது பற்றவைத்த கையோடு அணைந்துபோகிற புஸ்வாணம். மேலே ஏழு வண்ணத்தில் அருவி கொட்டும். இதைக் குறையாகச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. இருபத்தாறு வருடமாகச் சிவகாசி ஆப்செட் அச்சகம் ஒன்றில் புரூப் பார்த்துச் சோறு தின்கிறவன் நான். அந்தப் பொய்யில் எழுத்துப்பிழை வராமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அதை வரைவது தவுபிக் பாயின் வேலை.

தவுபிக் விருதுநகர்க்காரர். அவருடைய அப்பா முகம்மது யூசுப்புக்கு அங்கே மிளகாய் வற்றல் கமிஷன் கடை. மகன் கடையில் உட்காருவான் என்று பார்த்தால், பள்ளிக்கூட நோட்டின் பின்பக்கமெல்லாம் படம் வரைந்து தள்ளி, கடைசியில் எங்கள் அச்சகத்துக்கு வந்து சேர்ந்தார். பதினான்கு வருடம் காலையில் பஸ்ஸில் வந்து மாலையில் திரும்பினார். வெடிப்பதை வரைய அவரை விட்டால் ஆள் கிடையாது. நடுவில் வெள்ளை, சுற்றிலும் மஞ்சள், ஓரத்தில் ஆரஞ்சு, பின்னால் கரும் ஊதா வானம். கண்ணைக் கட்டிவிட்டால்கூட வரைவார். ஆனால் முகத்தில் ஒரு களை இருக்காது. "உள்ள இருக்குறத விடப் பெருசா வெளிய காட்டுறதுக்குத்தான் அண்ணாச்சி எனக்குச் சம்பளம்" என்பார்.

அவருக்கு ஒரே ஒரு பைத்தியம், போன் கேம். பஸ்ஸில் விளையாடிவிட்டு வந்து, அந்த கேமைச் செய்தவனே நான்தான் என்பதுபோல என்னோடு சண்டை பிடிப்பார்.

"மழை பெய்யுது, தார் ரோட்டுல தண்ணி மினுங்குது, குதிரை மயிரு காத்துல ஆடுது. அம்புட்டும் தத்ரூபம். ஆனா எதுக்குச் சுடுறோம்னு கேட்டா பதில் இல்ல. நம்ம பெட்டி மாதிரியேதான் அண்ணாச்சி."

"பொழுது போகாதவனுக்கு அது ஒரு கிலுகிலுப்பை. அதுல ஆழத்தைத் தேடுறீகளே பாய்!"

"ஒரு ஆளோட வாழ்க்கைய நாலு நாள் வாழ்ந்து பாத்த மாதிரி ஒரு கேம் செய்யலாம். கதையில நம்ம கேக்கத்தான் முடியும். இதுல முடிவு நம்ம கையில. தப்பும் நம்ம கையாலயே நடக்கணும். அந்த வலி வேற எதுலயும் வராது."

வாய்ப்பேச்சு என்று நினைத்தேன். மனுசர் வீடியோ பார்த்தே கேம் செய்யப் படித்துவிட்டார். எதைப் பற்றிச் செய்யப்போகிறீர்கள் என்று கேட்டதற்கு, "பட்டாசு ரூமப் பத்தி" என்றார். பதினான்கு வருடம் பெட்டிக்கு வெளியே வரைந்தவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க ஆசை.

நான்தான் அவரை அருணாதேவி மதினியிடம் கூட்டிப்போனேன். என் பெரியப்பா மகனின் மனைவி. நாரணாபுரத்தில் எங்கள் தெருவிலேயே வீடு. அண்ணன் மஞ்சள் காமாலையில் போய் ஆறு வருடம் ஆகிறது. மதினி பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்துகிறார். குரோஸ் என்றால் நூற்று நாற்பத்து நான்கு; எத்தனை குரோஸ் செலுத்தினாரோ அத்தனைக்குத்தான் கூலி. மகள் கீர்த்திகா மதுரையில் நர்சிங் படிக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மதினி காலை நீட்டி உட்கார்ந்து, வெறும் மண்ணை வைத்துக் காகிதக் கூம்பில் எப்படி இடிக்க வேண்டும், எப்போது கையை எடுக்க வேண்டும் என்று செய்து காட்டுவார். தவுபிக் படம் பிடித்துக்கொள்வார். ஒரு நாள் தயங்கித் தயங்கி, "அக்கா, ஒங்க மொகத்தையே வரைஞ்சுக்கிடட்டுமா?" என்றார்.

"மூஞ்சியயும் வச்சுக்கங்க, பேரையும் வச்சுக்கங்க தம்பி. எங்க பொழப்பு நாலு பேருக்குத் தெரியட்டும். ஒண்ணே ஒண்ணு, என்னைய வச்சு ஒருத்தரும் சிரிக்கக் கூடாது."

"அல்லா சத்தியமா நடக்காதுக்கா."

முதலில் செய்த கேமைக் கொண்டுவந்து மதினி கையில் கொடுத்தார். திரையில் அறை, நான்கு பெண்கள், சுவரில் 'நான்கு பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது' என்ற போர்டு. மதினி விரலால் தன் உருவத்தை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய், அங்கும் இங்கும் எதையோ தேடினார்.

"மரம் எங்க?"

"எந்த மரங்க்கா?"

"வேப்பமரம். சீசன்ல நாலு பேரு ரூம்ல எட்டுப் பேரு உக்காருவோம். செக்கிங் வண்டி வருதுன்னு போர்மேன் விசில் அடிச்சா, நாலு பேரு மருந்துத் தட்டோட மரத்தடிக்கு ஓடணும். வண்டி போனப்புறம் ரூமுக்குத் திரும்பணும். போக வர தட்டுல மண்ணு விழுந்திரும். மருந்துல மண்ணு கெடந்தா இடிக்கையில உராசும். அந்த மண்ணுதான் எமன். மரமே இல்லாம என்ன வேலை செய்யச் சொல்றீக?"

தவுபிக் பாய் போர்டைப் படித்து அறையைக் கட்டியிருந்தார். இடித்துவிட்டு மறுபடி கட்ட எட்டு மாதம் ஆயிற்று.

அதுதான் கேம். விளையாடுகிறவர் அருணாதேவி. தீபாவளிக்கு நாற்பது நாள். மகளின் காலேஜ் பீஸுக்குக் கெடு நெருங்கிக்கொண்டே வரும். விசில் அடிக்கும், மரத்தடிக்கு ஓட மாட்டேன் என்று நீங்கள் சொல்லலாம், மறுநாள் வேலை கிடையாது. தட்டில் விழுந்த மண்ணைப் பொறுமையாகப் பொறுக்கலாம், குரோஸ் குறையும். பொறுக்காமலும் இடிக்கலாம். பல நாள் ஒன்றும் ஆகாது. ஒரு நாள் ஆகும். வெடிப்பதைத் தவுபிக் காட்ட மாட்டார். திரை வெள்ளையாகும், சத்தம் இருக்காது, அருணாதேவி என்று ஒரு பெயர் வரும். அதற்குப் பிறகு அந்தப் போனில் அந்த கேம் திறக்கவே திறக்காது.

நான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து விளையாடினேன். மண் பொறுக்கினேன், பீஸ் துண்டு விழுந்தது. அடுத்த நாள் பொறுக்கவில்லை, ஒன்றும் ஆகவில்லை. அட, இவ்வளவுதானா என்று பொறுக்குவதையே விட்டுவிட்டேன். இருபத்து மூன்றாம் நாள் திரை வெள்ளையாயிற்று. வீட்டுக்குப் போகிற வழியில் மதினி குழாயடியில் நின்றுகொண்டிருந்தார். "என்ன கொழுந்தனாரே, பேயடிச்ச மாதிரிப் போறீக?" என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. தவுபிக் பாயிடம் என் கட்சி தோற்றுவிட்டது என்று ஒத்துக்கொண்டேன்.

உலகம் ஒத்துக்கொள்ளவில்லை. தவுபிக் வேலையை விட்டுவிட்டு அந்த கேமை வெளியிட்டார்; நாலு மாதத்தில் இருநூற்றுச் சொச்சம் பேர் இறக்கினார்கள். பாதிப் பேர் முதல் நாளிலேயே அழித்தார்கள். 'கிராபிக்ஸ் படு மொக்கை.' 'மறுபடி ஆட பட்டன் இல்லை, கோளாறைச் சரிபண்ணு.' 'வெடிக்கிறதையே காட்டாதவன் சிவகாசிக்காரனா?' ஒவ்வொன்றையும் படித்துக் காட்டினார். அவர் மனைவி பைரோஜா கொஞ்சம் வெடுக்கென்று பேசுகிறவர். பேச்சில் நியாயம் இருக்கும். "கல்யாண வீடுன்னு சொல்லி மய்யத்து விழுந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா எவன் வருவான்?" என்றார்.

அப்போதுதான் மணிகண்டராஜ் வந்தார். சிவகாசி அச்சுத் தொழில் குடும்பத்துப் பிள்ளை; கோயம்புத்தூரில் கேம் கம்பெனி நடத்துகிறார். கேமை முழுசாக விளையாடிப் பார்த்தவர், அதனால் மரியாதையாகவே பேசினார். "உள்ள இருக்குற ஒண்ணையும் தொட மாட்டேன் பாய். ரெண்டே ரெண்டுதான். மறுபடி ஆட ஒரு பட்டன் வைங்க. வெடிக்கிறத நல்லாக் காட்டுங்க. ஒங்கள விட யாரு அத வரைவா?"

தவுபிக் என்னிடம் யோசனை கேட்டார். கேட்டிருக்க வேண்டாம். நான் பெரிய மனுசன் தோரணையில், "லேபிள் நல்லா இருந்தாத்தான் பெட்டி நகரும் பாய். வெடியப் பாக்க வர்றவன்ல பத்துக்கு ஒருத்தனாவது உள்ள இருக்குறதையும் பாப்பான்" என்றேன். அவர் கேமை மொத்தமாக எழுதிக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"கோரமா வரையணும்னுதான் உக்காந்தேன் அண்ணாச்சி, கை கேக்கல" என்று பின்னால் சொன்னார். பதினான்கு வருடம் ஒரே மாதிரி வரைந்த கை எப்படிக் கேட்கும்? நடுவில் வெள்ளை, சுற்றிலும் மஞ்சள், ஓரத்தில் ஆரஞ்சு, கரும் ஊதா வானம். கூரை ஓடுகள் பூவாகப் பிரிந்து மேலே போயின. அப்படி ஓர் அழகை எங்கள் அச்சகத்தில்கூட நான் பார்த்ததில்லை. கைதட்டினேன். நான் கைதட்டியதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

கேம் ஓடிய ஓட்டம் யாரும் எதிர்பாராதது. எவனோ ஒரு கெட்டிக்காரன், முதல் நாளே தட்டில் மண்ணை அள்ளிப் போட்டு நாலு இடி இடித்தால் பதினொரு நொடியில் வெடித்துவிடும் என்று கண்டுபிடித்து வீடியோ போட்டான். அதற்குப் பிறகு இரண்டாம் நாளுக்குப் போக யாருக்கும் வேலை இல்லை. மணிகண்டராஜ் சொன்ன சொல் தவறவில்லை. உள்ளே மரம் இருந்தது, விசில் இருந்தது, மகளின் பீஸ் கெடு இருந்தது. அத்தனையும் அப்படியே இருந்தன. யாருக்கும் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

மதினிக்குத் தெரிந்தது கம்பெனி வேனில். கேட்டில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால் பெண்கள் வேனிலேயே பார்த்து முடித்துக்கொள்வார்கள். பக்கத்தில் இருந்த ஒரு பிள்ளை, "அருணாக்கா, ஒன்னைய இன்னிக்கு ஒம்பது தடவ வெடிச்சுட்டேன்" என்றிருக்கிறாள். வேன் முழுக்கச் சிரிப்பு. அதே அறையில், அதே தட்டின் முன்னால் உட்காரப்போகிற பிள்ளைகள். யார்மேலும் கெட்ட எண்ணம் கிடையாது. மதினியும் கூடச் சேர்ந்து சிரித்தாராம். வீட்டுக்கு வந்து என்னிடம் அதைத்தான் முதலில் சொன்னார். "நானும் சிரிச்சுத் தொலச்சேன் கொழுந்தனாரே."

தவுபிக் மணிகண்டராஜிடம் போய், முகத்தையும் பெயரையுமாவது மாற்றச் சொல்லிக் கெஞ்சினார். "சனங்களுக்கு அந்த மூஞ்சி பழகிருச்சு பாய், இனி மாத்த முடியாது" என்று சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் தவுபிக் மறுபடி அச்சகத்துக்கே வேலைக்கு வந்தார். முதலாளி பழைய நாற்காலியையே கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதினியைப் பார்க்க இருவரும் போனோம். மதினி எப்போதும்போல "வாங்க தம்பி" என்று பாய் விரித்து, டீ போட்டுக் கொடுத்தார். தவுபிக் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, மன்னிப்பை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். மதினியே கேட்டார்.

"எத்தன தடவ தம்பி என்னைய வெடிச்சிருக்காக? ஒங்க போன்ல கணக்கு வருமாமே?"

பொய் சொல்லுங்கள் என்று நான் அவர் முழங்காலைத் தொட்டேன். அவர் போனைத் திறந்து பார்த்தார். "முப்பத்தோரு லச்சங்க்கா."

மதினி போனை எட்டிப் பார்த்தார். பிறகு, "மரத்தடி வரைக்கும் எத்தன பேரு வந்தாக?" என்றார்.

"நூத்திப் பதினேழு."

"கொண்டாங்க, பாப்போம்."

போனை வாங்கினார். மண்ணை அள்ளித் தட்டில் போட்டார். வேனில் மற்றவர்கள் செய்வதைப் பார்த்துப் படித்திருக்க வேண்டும், விரல் தடுமாறவில்லை. நாலு இடி. வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு என்று அவர் முகத்தில் வெளிச்சம் மாறி மாறி விழுந்தது. கடைசி ஓடு கீழே விழுகிற வரைக்கும் கண் எடுக்காமல் பார்த்தார். பார்த்துவிட்டுப் போனைத் தவுபிக் பாயின் கையில் திரும்ப வைத்தார்.

"அழகாத்தான் தம்பி வரைஞ்சிருக்கீக. இம்புட்டு வெளிச்சத்துல என்னையத்தான் காணோம்."

தவுபிக் பாய் அழுதார். மதினி அவரைத் தேற்றவில்லை.