டேப் அக்காவின் மாத்திரை

அலுவலக கேண்டீனில் டீ பரிமாறும் அக்காவுக்கு 'டேப்' என்று பட்டப்பெயர். ஒரு கும்பலே சேர்ந்து கத்தினாலும், யாருக்கு எது என்று எழுதாமலே டேப் ரெக்கார்டர் போல ஒப்பிப்பார். மனச்சோர்வு வந்ததும் அந்த ஞாபகம் குழம்பியது. டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தொடங்கிய புதிதில், தலைக்குள் பஞ்சு அடைத்ததுபோல் இருந்தது.

"அந்த மாத்திரைதான் உன் மூளையைத் தின்னுது. தூக்கிப் போடு," என்றார் அங்கேயே டீ போடும் கணவர்.

டாக்டரோ, "மருந்தாலயும் சிலருக்கு மந்தம் வரும், மனச்சோர்வும் ஞாபகத்தைக் கெடுக்கும். நீங்களா நிறுத்தாதீங்க, கொஞ்ச நாள் பாப்போம்," என்றார்.

அக்கா சில வாரம் மாத்திரையைத் தொடர்ந்தார். நேற்று மீட்டிங் முடிந்து ஒரு பெரும்படை கேண்டீனுக்குள் பாய்ந்தது.

"இன்னிக்கு ஒண்ணு மாறினாலும் மாத்திரை குப்பைக்குத்தான்!" என்றார் கணவர். அக்காவும் வீம்பாகத் தலையாட்டிவிட்டார்.

லைட், ஸ்ட்ராங், சர்க்கரை தூக்கலாக, ஒருவருக்கு வெறும் வெந்நீர். தட்டோடு சுழன்று சுழன்று வைத்தார். நடுவில் இடம் மாறி உட்கார்ந்தவர்களையும் டம்ளர் தேடிப் போனது.

"அக்கா, என் டீயில சர்க்கரையே இல்ல!" என்றார் கணக்காளர்.

"எனக்கும் இல்ல!" என்றன நாலைந்து குரல்கள்.

கணவர் துள்ளிக்கொண்டு வந்தார். "பாத்தியா? நான் சொல்லல?"

அக்கா திரும்பிப் பார்த்தார். "ஏங்க, டம்ளரெல்லாம் சரியான ஆள்கிட்டதான் இருக்கு. நீங்க சர்க்கரை டப்பாவைத் திறந்தீங்களா?"

டப்பா மூடியபடியே இருந்தது. கேண்டீனே அதிர்ந்தது. அக்காவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்படிச் சிரித்து வெகு நாளாயிற்று.

"என் மாத்திரை என்கிட்டயே இருக்கட்டும். உங்களுக்கு வேணும்னா டாக்டர்கிட்ட தனியா டோக்கன் போடுறேன்," என்றார்.