அத்தை தொட்ட தாம்பூலத் தட்டு

அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, ஒரே ஒரு தொடுதலில் நிச்சயதார்த்தத்தையே நிறுத்தியிருக்கிறாள். அதற்குக் கண்கண்ட சாட்சி நான். அப்போது எனக்கு எட்டு வயது.

அத்தை செங்கல்பட்டுக்கு டைப்ரைட்டிங் படிக்கப் போன நாட்களில், சொல்லிக்கொடுத்தவரையே விரும்பியிருக்கிறாள். அவர் மாதா கோயிலுக்குப் போகிறவர் என்று தெரிந்ததும் அப்பா அவசர அவசரமாக வேறு இடத்தில் தட்டு மாற்றிவிட்டார். அத்தை வாயே திறக்கவில்லையாம். கட்டியவர் சீக்கிரமே போய்ச் சேர, கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தாள்.

அந்தக் குழந்தை வளர்ந்து, சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய், கூட வேலை செய்கிறவரை விரும்பினாள். தாய்மாமன் முறுக்கு சும்மா இருக்குமா? அப்பா அச்சரப்பாக்கத்து அரிசி மண்டிக்காரர் மகனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்.

நிச்சயத்தன்று கூடம் நிறைய ஜனம். தாலியறுத்தவள் தாம்பூலத் தட்டைத் தொட்டால் அபசகுனம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெற்ற தாயானாலும் சமையற்கட்டோடு சரி. அங்கே அத்தை மகள் தேம்பிக்கொண்டிருந்தாள்.

"மாமா கைல சொல்லும்மா."

"ரெண்டு தபா சொல்லிட்டேன். அவுரு காதுல வாங்குனாத்தானே?" என்ற அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடத்துக்கு நடந்தாள்.

மண்டிக்காரர் தட்டை நீட்டினார். அப்பா கை நீட்டுவதற்குள் அத்தை புகுந்து அதை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஐயையோ! இன்னாம்மா, நீ போயி தொட்டுட்ட!" என்று அலறினாள் மண்டிக்காரர் மனைவி.

"நான் பெத்த பொண்ணு. நான் தொடாம வேற யாரு தொடுவா?"

"எழுந்திரிங்க, இனிமே இது வெளங்குமா?" என்று தன் ஆட்களைக் கிளப்பினார் மண்டிக்காரர். அவர்கள் வந்த வேன் பத்தே நிமிடத்தில் கிளம்பிவிட்டது.

"என் மானத்த வாங்கிட்டியேடி!" என்று அப்பா குதித்தார்.

"அன்னிக்கே வாங்கியிருக்கணும்ணா. அப்ப எனக்குத் தைரியம் இல்ல," என்றாள் அத்தை. எனக்கோ ஒரே வருத்தம். பாவம், வழக்கம் தெரியாமல் தொட்டுக் காரியத்தைக் கெடுத்துவிட்டாளே என்று நினைத்தேன்.

அடுத்த தையில் மாமல்லபுரத்தில், கடல் காற்று வேட்டியைப் பிடுங்கும் ஒரு மண்டபத்தில், விரும்பியவரோடே அத்தை மகளுக்குக் கல்யாணம். அப்பாவும் வந்திருந்தார், உர்ரென்று. முந்தின நாள் நிச்சயத்தில் மாப்பிள்ளையின் அம்மா அப்பாவைத் தாண்டி வந்து, நேராக அத்தையிடம் தட்டை நீட்டினாள்.

"தொடாத அத்த! கல்யாணம் நின்னுடும்!" என்று கத்தினேன்.

மண்டபமே சிரித்தது. அத்தைதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தட்டை வாங்கினாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. இவ்வளவு சிரிக்கிறவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அவள் சம்மதம் கேட்டு எங்கள் குடும்பத்தில் மாறிய முதல் தட்டு அது என்பதும் அப்போது விளங்கவில்லை.