அரைஞாணில் கோத்த காசு

அக்கா பேரனின் முதல் பிறந்தநாளுக்கு, அவன் அரைஞாணில் கட்ட, வளையம் வைத்த பழைய வெள்ளிக் காசு ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். லிட்டில் இந்தியா நகைக்கடையில் சொன்ன விலையில் பாதிதான். நேரில் பார்க்கலாமா என்று கேட்டேன். "ஒரிஜினல் லா அண்ணே, பயப்படாதீங்க" என்று மட்டும் பதில் போட்டான் விற்றவன். அது போதுமென்று சொந்தக்காரர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன்.

விழாவன்று அக்கா வீட்டில் படம் எடுக்கக் கைபேசியை வெளியே எடுத்தேன். கையிலிருந்த காசு, கைபேசி உறையின் காந்தத்தில் டக்கென்று ஒட்டிக்கொண்டது. வெள்ளி காந்தத்தில் ஒட்டாது.

"காசக் குடு தம்பி, நல்ல நேரம் போவுது லா" என்று அக்கா கை நீட்டினாள். கூடமே என்னைப் பார்த்தது. வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டுக் கொடுத்தேன்.

அக்கா அதைக் கயிற்றில் கோத்தாள். பிள்ளை வெடுக்கென்று பிடுங்கி வாயில் வைத்தான். என்ன உலோகமோ, மேலே என்ன பூச்சோ!

"அக்கா, புடுங்கு! அது போலி!" என்று அலறினேன்.

அவள் விரலை விட்டுக் காசை வெளியே எடுத்தாள். பிள்ளை வீறிட்டு அழுதான். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு அக்கா தணிந்த குரலில் கேட்டாள்: "தெரிஞ்சேவா குடுத்த?"

அன்று மாலையே விற்றவனின் ஆன்லைன் பக்கம் காணாமல் போனது. இப்போதெல்லாம் நேரில் காந்தம் வைத்துப் பார்க்காமல் எந்தக் காசுக்கும் நான் பணம் கொடுப்பதில்லை.

என்னை ஏமாற்றியவன் முகத்தை நான் பார்த்ததே இல்லை. பிள்ளையை ஏமாற்றப் பார்த்தவன் முகத்தைத்தான் தினமும் சவரம் செய்யும்போது பார்க்கிறேன்.